ரீஜென்சி காலக் காதற் புதினங்கள்: உடையும் சட்டமும்

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயுற்றபோது, 1811 முதல் 1820 வரை அவர் மகன் அரசப் பிரதிநிதியாக இருந்து ஆண்டார். அதுவே ரீஜென்சி காலம். அக்காலக் காதற் புதினம் எழுதப் புகுவோர் முதலில் ஆடையை ஆராய்தல் வேண்டும்.

அன்றைய நாகரிக மங்கையர் உடுத்தியது மெல்லிய மஸ்லின். இடைக்கட்டு மார்பின் கீழேயே அமைந்தது. முன்பு பாவாடைக்குள் கட்டிய பைகள் இவ்வுடையில் புடைத்துத் தெரியும். ஆகவே கையில் சிறு சுருக்குப்பை வந்தது. நாயகி கடிதத்தை எங்கே ஒளிப்பாள் என்பதற்கு விடை அதில் இருக்கிறது! ஆடவர் தலைக்கு மாவு பூசும் வழக்கமோ, 1795இல் ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தபின் தேய்ந்தது. 1815இல் இளம் நாயகனுக்கு மாவு பூசினால் கதை கெட்டது.

ஆனால் கதையை நடத்துவது சட்டமே. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதோர் உரிமம் பெற்று மணக்கத் தந்தையின் இசைவு வேண்டும். (நம் வகுப்பில் பலருக்கும் அதே கதிதான்!) அதனால்தான் காதலர் ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடினர். மணந்தபின், தனிப்பத்திரம் எழுதி வைத்தாலன்றி, மனைவியின் ரொக்கமும் கணவனுக்கே சொந்தம். 1882ஆம் ஆண்டுச் சட்டமே அதை மாற்றியது.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பென்னட் குடும்ப நிலம் ஆண் வாரிசுக்கே போகும். ஐந்து பெண்களைப் பெற்றவள் மாப்பிள்ளை தேடிப் பறப்பதைப் படித்துச் சிரிக்கிறோம். கணவர் கண்மூடினால் அவளுக்குக் குடியிருக்கும் வீடும் இல்லை.