மடவை திரும்பிய நேரம்

முடிச்சூர்

அன்புத் தம்பிக்கு,

முட்டுக்காட்டுப் பாலத்தடியில் கொடுவாவுக்குத் தூண்டில் போட்டதைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். நரம்பு, முள், உயிர் இறாலைக் கோக்கும் விதம் இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சல் வந்தது வேறு இடத்தில். செயலியின்படி ஏற்றம் 4.10க்கு முடிய வேண்டும், ஆனால் மடவைக் கூட்டம் அதற்குப் பிறகும் கடல் பக்கமே மூக்கை வைத்து நின்றது, ஐந்தரை வாக்கில்தான் ஒன்றிரண்டாகத் திரும்பியது என்று எழுதியிருக்கிறாய். அருமை. அடுத்த வரியிலேயே, ‘மீன்களுக்கு ஏதோ குழப்பம்’ என்கிறாய். மீனுக்கு என்னப்பா குழப்பம்? வருகிற தண்ணீருக்கு எதிர்முகமாக நிற்பது அதன் பிறவிக் குணம். தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது; அது கடலைப் பார்த்து நின்றது.

செயலியிலும் பிழையில்லை. அது சொல்வது சென்னைத் துறைமுகத்தில் கடல் மட்டம் உச்சிக்கு வரும் நேரம். நீ உட்கார்ந்திருந்தது துறைமுகத்திலா? கடலுக்கும் உனக்கும் நடுவில் ஒரு குறுகலான வாய் இருக்கிறது. கடல் உயரும் வேகத்துக்கு அந்த வாய் வழியாக உள்ளே நிரம்பிவிட முடியாது. வெளியே உச்சி தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகும் உள்ளே மட்டம் தாழ்ந்துதான் கிடக்கும், அதனால் தண்ணீர் உள்ளேதான் ஓடும். இரண்டு மட்டமும் சமமானால்தான் ஓட்டம் நிற்கும், பிறகுதான் திரும்பும். வாய் எத்தனை குறுகலோ அத்தனை தாமதம். இதை எந்த அட்டவணையும் சொல்லாது, ஏனென்றால் போன மாதம் இருந்த வாய் இந்த மாதம் இல்லை.

முகத்துவாரம் என்று ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். அட்டமி வாக்கில் அதில் பாதிகூட இராது. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. அங்கே மணல் தடுத்து நிற்குமா? இங்கே மணல்தான் முதலாளி. தெற்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மழை நின்று ஆற்றில் வேகம் குறைந்ததும் வாய் அடைபடும். பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, உடைந்த பாலத்தருகே அடையாற்றின் வாயை இயந்திரம் வைத்துத் தோண்டுகிறார்களே, அதனால்தான். வாய் மூடிவிட்டால் நிலா எப்படி இருந்தாலும் உள்ளே ஏற்றமுமில்லை, வற்றமுமில்லை. உன் கட்டுரையில் இந்த வாயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பௌர்ணமியை மட்டும் புகழ்ந்திருப்பது இன்னொரு கோபம். அமாவாசை உனக்கு என்ன தீங்கு செய்தது?

நாம் ஏரித் தூண்டில்காரர்கள். மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும் தண்ணீரில் விராலும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவர்கள். ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்குவதும், மறுநாள் அதுவே முக்கால் மணிக்கு மேல் பிந்தி வருவதும் பழகச் சில வருஷங்களாகும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோவளத்து வலைக்காரர் ஒருவர். வந்ததும் இரை போடமாட்டார். வெறும் ஈயத்தை அடிக்கு இறக்கி, நரம்பை விரலிடுக்கில் பிடித்தபடி பீடி குடிப்பார். மழைக்காலத்தில் மேலே நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதே நேரத்தில் கனமான உப்புத் தண்ணீர் அடியில் உள்ளே நுழையும். மிதவை ஒரு பக்கம் போகும், ஈயம் மறுபக்கம் இழுக்கும். “மேல பாக்காத, அடியில எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாரு” என்பார். வற்றம் பிடித்ததும் உள்ளேயிருந்து இறால் இறங்கி வரும், கொடுவா தூணுக்குப் பின்னால் காத்திருக்கும். பழவேற்காட்டில் முகத்துவாரத்து ஓட்டத்தில் வலை கட்ட முறை வைத்துப் பாடு பிரித்துக்கொள்கிறார்களே, எதற்காக? ஓட்டம்தான் அங்கே சொத்து.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. நீ உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில்தான், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் முட்டுக்காடு நிலையத்தில், 1997இல் நாட்டிலேயே முதன்முறையாகக் கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். கொடுவா இளசில் ஆண், வளர்ந்தபின் பெண். நீ தூக்கிப் பிடித்துப் படம் போட்டிருக்கும் அந்தப் பெரிசு அநேகமாகத் தாய். எழுதியிருக்கலாம், விட்டும் இருக்கலாம்.

அடுத்து ‘எங்கள் ஊர் அடையாற்றில் ஏற்றவற்றம்’ எழுதப்போகிறாயாமே. வேண்டாம். கோட்டூர்புரம் பக்கம் போனால் பார்க்கலாம். முடிச்சூருக்குக் கடல் வராது. இங்கே வந்தது 2015 மழை. அதற்கும் செம்பரம்பாக்கத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம், நமக்குக் கீழேதான் ஆற்றில் சேர்கிறது. நம் தெருவுக்குள் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணீர். எழுதுவதானால் அதை எழுது.

மற்றபடி, அந்த மடவை வரி இருக்கிறதே, அப்படி ஒன்றை இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில்லை. ‘குழப்பம்’ என்ற வாக்கியத்தை மட்டும் அடித்துவிடு.

அமாவாசைக்கு மறுநாள் கோவளம் போகிறேன். வருவதானால் விடியுமுன் தாம்பரம் பஸ் நிலையத்துக்கு வந்துவிடு. இறாலை நீயே பேசி வாங்கு. என்னைக் கண்டால் விலையை ஏற்றிவிடுகிறார்கள்.