ஓசையும் ஒரு படிக்கட்டு

மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற கட்டடம் என்றவுடன் நம் கண்முன் வருபவை சாய்தளமும் கைப்பிடிக் குழாயும்தாம். அவை வேண்டியவையே. ஆயினும் நடக்கவும் காணவும் கேட்கவும் நன்கு இயன்ற ஒருவன், ஒரு கட்டடத்தின் வாயிலைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுவதும் உண்டு. இயற்பியல் மாணவனாகிய நான் இதை எண்ணிப் பார்க்க நேர்ந்தது என் தம்பியால். சொந்தக் கதை கூறுவதற்குப் பேராசிரியர்களும் நண்பர்களும் பொறுத்தருள்க.

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். நாளெல்லாம் அந்த இரைச்சலில் நின்றுவிட்டுச் சிரித்த முகத்தோடு வீடு திரும்புவார். அவர் பெற்ற பிள்ளையோ, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். பதினான்கு வயது. ஆட்டிசம் என்றார்கள். அரசுப் படிவங்களில் இதற்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் உண்டு. என் தம்பியைப் பொறுத்தவரை இப்பெயர் தலைகீழானது. புற உலகம் அவனுக்குள் வராமல் இல்லை; கதவைத் தட்டாமலே, எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்துவிடுகிறது. நம் மூளை மின்விசிறியின் ஓசையைச் சற்று நேரத்தில் ஒதுக்கிவிடும், அவனுடையது ஒதுக்குவதில்லை.

அவனுக்கு ஊனச் சான்றிதழ் வாங்க ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நான்கு பக்கமும் வெறுஞ்சுவர், ஒலிபெருக்கி. எல்லைப் பகுதியல்லவா, டோக்கன் எண்ணைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூவினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் தம்பி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, சைக்கிள் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் எண்ணை அழைத்தபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம். மறுவாரம் அப்பா இன்னொரு நாள் கூலியை இழந்து மீண்டும் வந்தார். அவனுடைய குறை இன்னது என்று எழுதி வாங்க, அக்குறையுள்ளவன் இருக்கவே முடியாத கூடத்தில் அவனை உட்காரச் சொல்கிறோம்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. ஆட்டிசம் அவற்றில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இருபத்தொன்றாக உயர்த்தி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆனால் 2017-இல் வந்த விதிகள் கட்டளையாக இல்லாமல் வெறும் பரிந்துரையாக நிற்கின்றன என்று கண்ட உச்சநீதிமன்றம், 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில், கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. இங்கிலாந்தில் 2022-இலேயே, ஒலி, ஒளி, நிறம், வழிகாட்டுதல் ஆகியவற்றை நரம்பியல் வேறுபாடுடையோர்க்கு ஏற்ப அமைப்பது எப்படி என்று தனியாக ஒரு வழிகாட்டுத் தரமே வெளியாகியுள்ளது.

இனி நம் பாடத்திற்கு வருவோம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்தரை நொடி வரை சுழன்றுகொண்டிருந்தது. சரிசெய்ய அமர்த்தப்பட்டவர் வாலஸ் சாபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர். அவர் இரவு தோறும் பக்கத்து நாடக அரங்கின் மெத்தைகளைச் சுமந்துவந்து இருக்கைகளில் பரப்பி, ஓசை தேயும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி எளியது: அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். திறந்த சன்னல் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும். அதன் ஒரு சதுர மீட்டரையே அவர் உறிஞ்சலின் அலகாகக் கொண்டார்.

9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையின் கன அளவு 189 கன மீட்டர். உட்பரப்பு 213 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் சிமெண்டும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கையே உறிஞ்சும் என்று கொண்டால், எதிர்முழக்க நேரம் நாலரை நொடிக்கு மேல். இத்தகைய வகுப்பறைக்கு அமெரிக்கத் தரம் அனுமதிப்பதோ 0.6 நொடி! ஐம்பது பேர் உட்கார்ந்தால் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த ஐம்பது பேரும் பேசுவார்களே.

ஒளியும் இப்படியே. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக்கு பொருத்திய குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. பெரும்பாலோர் அதைக் காண்பதில்லை. சிலருக்கு அது தலைவலியாகிறது. மின்னணுச் சோக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் இயங்குவதால் அத்துடிப்பு உணரப்படுவதில்லை.

பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இத்தகைய பயணிகளுக்கென்றே 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமைதி அறை திறந்தார்கள். மெல்லிய ஒளி, மென்மையான இருக்கை. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்கள் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போவது விமானத்தில் அன்று, பேருந்தில். பேருந்து நிலையத்தின் ஒரு மூலையில், ஒலிபெருக்கி இல்லாத, கனத்த திரையிட்ட ஓர் அறைக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

பேசுவதோடு நில்லாமல், துறைத் தலைவரின் அனுமதி பெற்று, ஒரு ஞாயிறன்று நண்பர்கள் இருவரும் நானும் எங்கள் வகுப்பறையை அளந்தோம். சன்னல்களைச் சாத்திக் கைதட்டி, கைப்பேசியில் பதிவு செய்தோம். பெஞ்சுகளும் கதவிடுக்குகளும் உதவியதாலோ என்னவோ, மூன்று நொடியளவே வந்தது. பிறகு விழா மண்டபத்து ஜமக்காளங்கள் இரண்டைப் பின்சுவரில் தொங்கவிட்டோம். நேரம் இரண்டு நொடிக்குள் இறங்கியது. சாபின் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கை நாங்களும் பட்டோம். தும்மல் மட்டும் அவரைவிட அதிகம்.

மதியம் தம்பியை அழைத்துவந்தேன். வாயிலில் சற்று நின்றான்; உள்ளே வந்தான். ஜமக்காளத்தை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே சுவிட்சுப் பலகைக்குச் சென்று, கடைசி வரிசைக் குழல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்த விளக்கின் சோக்கு இரைந்துகொண்டிருந்ததை, காலையிலிருந்து ஒலியையே அளந்துகொண்டிருந்த நாங்கள் மூவரும் அப்போதுதான் அறிந்தோம்.