சிம் இல்லாத கருவியில் மணி அடித்தது எப்படி?

கேள்வி: பேரன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய ஐபாட் டச் என்னிடம் இருக்கிறது. சிம் போட இடமே கிடையாது. ஆனாலும் வீட்டு வைஃபையில் கனடாவில் இருக்கும் மகளோடு காசில்லாமல் பேசுகிறேன். இந்த இலவச இணைய அழைப்பைக் கண்டுபிடித்தது ஸ்கைப்தானே?
- கும்பகோணம் வாசகர்

பதில்: இல்லவே இல்லை. ஸ்கைப் வெளிவந்தது 2003 ஆகஸ்டில். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1995 பிப்ரவரியில், வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம் ‘இன்டர்நெட் போன்’ என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் இருபது வருடம் முன்னால், 1974 டிசம்பரில், கலிபோர்னியாவிலிருந்த கல்லர்-ஹாரிசன் என்ற சிறிய நிறுவனத்துக்கும் மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வழியாகக் குரல் போய் வந்தது. அமெரிக்காவின் ஒரு கரையில் ஒருவர் பேச, மறு கரையில் இருந்தவர் கேட்டு உடனே பதில் சொன்னார். செலவு அமெரிக்க ராணுவத்துடையது. ஆக, முதல் இணைய அழைப்பும் பேசியவர்களுக்கு இலவசம்தான்!

இந்த முயற்சிக்கு விதிமுறை வகுத்தவர் ஹைஃபாவில் பிறந்த டேனி கொஹன். அந்த விதிகள் 1977இல் ஆவணமாக வெளிவந்தன. ஸ்கைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மனிதரை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். அப்போதைய இணைய விதி, தகவலைத் துண்டுகளாக அனுப்பி, வழியில் தொலைந்த ஒவ்வொரு துண்டையும் திரும்ப அனுப்பச் சொன்னது. கடிதத்துக்கு அது சரி. பேச்சுக்கு ஆகாது. ‘சாப்பிட்டாயா’வில் ‘டா’ தொலைந்தால் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். அந்த ‘டா’ மூன்று வினாடி கழித்து வந்து சேர்ந்தால்தான் சண்டை வரும். தாமதமாக வருவதைவிடத் தொலைந்து போவதே மேல் என்று கொஹனும் சகாக்களும் வாதாடினார்கள். அதன் பலனாகத் திரும்ப அனுப்பும் பொறுப்பு தனியே பிரிக்கப்பட்டு, 1980இல் யுடிபி என்ற எளிய விதி பிறந்தது. இன்று உங்கள் மகளின் குரல் பெரும்பாலும் அந்த விதியின்படிதான் கும்பகோணத்துக்கு வருகிறது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சாதாரண டிஜிட்டல் தொலைபேசிக்கு ஒரு குரலை அனுப்ப வினாடிக்கு 64,000 பிட் வேண்டும். 1974இல் அவர்கள் அனுப்பியது வெறும் 3,500 பிட். ஒலியை அப்படியே அனுப்பாமல், தொண்டையும் வாயும் அந்த நொடியில் இருந்த நிலையை எண்களாக்கி அனுப்பி, மறுமுனையில் குரலைத் திரும்ப உண்டாக்கினார்கள். இதற்கான கணித வழியை 1960களில் ஜப்பானில் இடாகுராவும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் தனித்தனியே கண்டார்கள். அடல் 1933இல் கான்பூரில் பிறந்து லக்னோவில் பட்டம் பெற்றவர். இந்தியாவில் டிரங்க் கால் போடாமல் நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி 1960இல் முதன்முதலாக எந்த இரண்டு ஊர்களுக்கு இடையே வந்தது தெரியுமா? கான்பூருக்கும் லக்னோவுக்கும்! இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைதான். ஆனாலும் இதைச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

1974க்கும் 1995க்கும் நடுவில் உள்ளது பெரும்பாலும் குழுக் கூட்டங்களின் வரலாறு. தாண்டிவிடுவோம்.

ஸ்கைப்பின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறு. எஸ்டோனியாவின் டாலின் நகரில் எழுதப்பட்ட அந்த மென்பொருள், பயனர்களின் கணினிகளையே இணைப்பகமாக வேலை வாங்கியது. முன்பின் தெரியாத இருவர் பேசுவதற்கு நீங்கள் மின்சாரம் கொடுத்திருக்கலாம். 2007 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்புக்காக உலகெங்கும் ஏராளமான கணினிகள் ஒரே சமயத்தில் அணைந்து எழுந்தபோது, ஸ்கைப் இரண்டு நாள் படுத்துவிட்டது. இலவசத்தின் செலவை யார் சுமந்தார்கள் என்பது அன்றைக்கு வெளிச்சமானது. 2025 மே 5ஆம் தேதி ஸ்கைப் மூடப்பட்டது.

கேள்வி: என் டேப்லெட்டிலிருந்து நான் அழைத்தால் உடனே போகிறது. மற்றவர்கள் என்னை அழைத்தால் மணியே அடிப்பதில்லை. ஆப்பைத் திறந்த பிறகு ‘மிஸ்டு கால்’ என்று வரிசையாக வருகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
- மதுரை வாசகி

பதில்: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். இணைய அழைப்பில் கூப்பிடுவது சுலபம், கூப்பிடப்படுவதுதான் கஷ்டம். கொஹனின் 1977 ஆவணத்திலேயே ‘மணி அடிக்கிறது’ என்று தெரிவிக்க ஒரு செய்தி உண்டு. அந்தக் காலத்து இயந்திரங்கள் நாற்காலி மேசை அளவுக்கு இருந்தன, தூங்குவதில்லை. கையடக்கக் கருவியோ பேட்டரிக்குப் பயந்து கொஞ்சம் அசந்தாலும் தூங்கிவிடும். தூங்குகிற ஆப்புக்கு மணி அடிக்கத் தெரியாது.

இரண்டாவது தடை உங்கள் ரவுட்டர். அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலாளி போன்றது அது. வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் விடுவார். அவர்களைத் தேடி வரும் பதிலையும் விடுவார். யாரும் எதிர்பார்க்காத புது ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுவார். உங்களுக்கு வரும் அழைப்பு அப்படிப்பட்ட புது ஆள்.

ஐபாட் டச்சின் கதையைப் பாருங்கள். 2007இல் வந்த முதல் ஐபாட் டச்சில் மைக்கே கிடையாது. 2008இல் வந்ததில் மைக் உள்ள இயர்போனைச் செருகலாம். 2009 மார்ச் கடைசியில் ஐபோனுக்கான ஸ்கைப் வந்தது. இந்த ஐபாடிலும் ஓடியது. பேசலாம். ஆனால் அழைப்பு வர வேண்டுமென்றால் ஸ்கைப்பைத் திறந்து வைத்து, திரை அணையாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மகன் ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுவான் என்றால் ஒன்பதே முக்காலுக்கே கருவியை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும்! 2010 ஜூனில் வந்த ஐஓஎஸ் 4தான், வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இணைய அழைப்பு வர வழி செய்தது. அந்த வசதியும் 2008 ஐபாடுக்குக் கிடைக்கவில்லை.

இன்று மணி அடிப்பது யார்? ஐபோன் என்றால் ஆப்பிள். ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுள். உங்கள் கருவி தூங்கும்போதும் அந்த நிறுவனத்தின் சர்வரோடு ஒரே ஒரு இணைப்பை மட்டும் திறந்து வைத்திருக்கும். வாட்ஸ்அப் அழைப்பானாலும் டெலிகிராம் அழைப்பானாலும் அந்த வழியாகத்தான் உங்களை எழுப்புகிறது. உங்கள் டேப்லெட்டில் பேட்டரி சேமிப்பு அந்த எழுப்புதலைத் தடுக்கிறது என்பதே என் தீர்ப்பு. அமைப்புகளில் அந்த ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், அறிவிப்புகளை அனுமதியுங்கள். மணி அடிக்கும்.

இங்கே என் பழைய புகாரை மறுபடி சொல்கிறேன். பி.எஸ்.என்.எல். எண்ணிலிருந்து எந்த நிறுவனத்து எண்ணையும் அழைக்கலாம். வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமை அழைக்க முடியாது. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. 1999இலேயே எஸ்ஐபி என்ற திறந்த விதிமுறை வந்துவிட்டது. மின்னஞ்சல் போல எந்த நிறுவனத்து முகவரிக்கும் அழைப்பு அனுப்பும் ஏற்பாடு அதில் இருக்கிறது. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்குக் கடிதம் போகிறதே, குரல் மட்டும் ஏன் மதிலுக்குள் நிற்க வேண்டும்?

கேள்வி: வாட்ஸ்அப் கால் இலவசம் என்கிறார்கள். டேட்டா எவ்வளவு போகும்?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: குரல் 20 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது, வினாடிக்கு 50 துண்டு. குரலை 16 கிலோபிட் அளவுக்குச் சுருக்கினால் ஒரு துண்டில் இருக்கும் பேச்சு 40 பைட். அது எங்கே போக வேண்டும், எத்தனையாவது துண்டு என்று குறிக்கும் தலைப்புத் தகவல் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? அதுவும் 40 பைட்! பாதி டேட்டா விலாசத்துக்கே போய்விடுகிறது. நீங்கள் பேசாமல் ‘ம்… ம்…’ என்று கேட்டுக்கொண்டிருந்தாலும் துண்டுகள் போய்க்கொண்டிருக்கலாம்.

இந்தக் கணக்கில் போக வர நிமிடத்துக்கு 480 கிலோபைட். 1 ஜிபியில் ஏறத்தாழ 35 மணி நேரம் பேசலாம். உண்மையான அளவு இணைப்பின் தரத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். வீடியோவைப் போட்டால் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். அத்தையிடம் பேசக் குரல் போதும். புதுக் குழந்தையைக் காட்ட வீடியோ போடுங்கள்.

கேள்வி: என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் எழுத முடிகிறது, பேச முடியவில்லை. கருவியில் கோளாறா?
- ராமநாதபுரம் வாசகி

பதில்: கருவியில் ஒரு குறையும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற சேவைகளுக்கு மட்டுமே இணையக் குரல் அழைப்புக்கு அனுமதி. போட்டிம் போன்ற உரிமம் பெற்ற ஆப்கள் அங்கே உண்டு. விபிஎன் போட்டுப் பேசச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம்வரை அபராதம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் தன் பொதுத் தடையைத் தளர்த்தியது.

நாமும் இந்தத் தெருவைக் கடந்து வந்தவர்கள்தான். 1998இல் இந்தியாவில் தனியார் இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த உரிமத்திலேயே இணையத் தொலைபேசி கூடாது என்று இருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல்தான் அது சட்டப்படி சரியானது. அமெரிக்காவில் 1996 மார்ச்சில் சிறு தொலைபேசி நிறுவனங்களின் சங்கம், இணைய போன் மென்பொருள் விற்பதையே நிறுத்தச் சொல்லி அரசிடம் மனு போட்டது. மனு பலிக்கவில்லை. வெளிநாட்டில் உழைக்கிறவர் தன் குழந்தையின் குரலைக் கேட்பது வருமானக் கணக்கில் வரக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கேள்வி: நெட் காலில் என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்கிறது. புது ஹெட்செட் வாங்கியும் சரியாகவில்லை.
- ஈரோடு வாசகர்

பதில்: காசு வீண்! உங்கள் குரல் உங்களுக்கே கேட்டால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில் இருக்கிறது. உங்கள் பேச்சு அவருடைய ஸ்பீக்கரில் ஒலித்து, அவருடைய மைக்குக்குள் புகுந்து உங்களிடம் திரும்புகிறது. அந்த ஹெட்செட்டை அவருக்குப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள். எதிரொலியைக் கணக்குப் போட்டு அழிக்கும் முறையை 1967இல் பெல் ஆய்வகத்தின் மன்மோகன் சோந்தி விளக்கி எழுதினார். கான்பூர்க்காரர் அடல் குரலைச் சுருக்கினார், சோந்தி எதிரொலியை அழித்தார். நம் ஊர்ப் பாடப் புத்தகங்களில் இந்த இரண்டு பேருக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ‘நாளை முதல் எல்லா அழைப்பும் பதிவு செய்யப்படும், சிவப்பு டிக் வந்தால் போலீஸ் வரும்’ என்று குடும்ப குரூப்பில் சித்தப்பா அனுப்புகிறார். உண்மையா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: பொய். மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே இதைப் பலமுறை மறுத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சிவப்பு டிக் என்று ஒன்று கிடையாது. 2016 ஏப்ரலிலிருந்து அதன் அழைப்புகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன. சித்தப்பாவை குரூப்பில் திட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அதற்குத்தான் இலவச அழைப்பு இருக்கிறதே!

கேள்வி: உங்கள் ‘மதில்’ புகார் என்றைக்காவது தீருமா? கூடவே இன்னொன்று: ஆபத்து நேரத்தில் 112ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிடலாமா?
- கோவை கல்லூரி மாணவர்

பதில்: முதல் கேள்விக்கு நம்பிக்கை தரும் பதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப்பைத் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. போட்டி நிறுவனம் கேட்டால் செய்திகளுக்கும், பிறகு நான்கு ஆண்டு அவகாசத்துக்குள் குரல் அழைப்புக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த மாதிரி ஒரு சட்டம் நமக்கும் வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அடுத்த முறை பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது எழுதுங்கள். 2015இல் இணையச் சமநிலைக்காக லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். 2016 பிப்ரவரியில் பாரபட்சமான டேட்டா கட்டணத்துக்குத் தடை வந்தது. எழுதினால் நடக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: முடியாது. 112ஐ போனின் சாதாரண டயலரிலிருந்துதான் அழைக்க வேண்டும். ஐபாடையும் டேப்லெட்டையும் மட்டும் நம்பி இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சிம் உள்ள ஒரு போனை அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இன்றைக்கே வையுங்கள்.