விலாங்கைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மீன் ஆய்வுக்கு வந்துவிட்டாய். கடற்கரை ஊரில் வேலை கிடைக்கவில்லையே என்று வருந்தாதே. திருவண்ணாமலையில் இருந்தபடியே கடலைப் படிக்க விலாங்கு ஒன்று போதும்.

அது பிறப்பது ஆழ்கடலில். தட்டையான குஞ்சாக மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, உடல் ஊடுருவித் தெரியும் நிலையில் முகத்துவாரத்தை அடையும். ஆற்றிலும் ஏரியிலும் பல ஆண்டு வளர்ந்து, முதிர்ந்ததும் கடலுக்கு இறங்கி, முட்டையிட்டு மடியும். வடதுருவப் பக்கத்துச் சார் மீனுக்கு இதற்கு நேர்மாறான வாழ்க்கை. நன்னீரில் பிறந்து, கோடையில் சில வாரம் மட்டும் கடலில் மேய்ந்து, குளிருக்கு முன் திரும்பிவிடும்.

இரண்டுக்கும் வழி திறந்திருக்க வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் கடலிலிருந்து ஏறிவரும் உள்ளம் மீனின் வரத்து சரிந்தது. நம் தென்பெண்ணையில் சாத்தனூர் அணை 1958-இல் எழுந்தது. கடலூர் முகத்துவாரத்தில் நுழையும் விலாங்குக் குஞ்சு ஈரச் சுவரைப் பற்றிச் சிறு தடுப்புகளில் ஏறிவிடும்; சாத்தனூரை ஏறும் என்று நான் நம்பவில்லை. அதனால் அணைக்கு மேலே ஒன்று அகப்பட்டால், அது எப்போது வந்தது என்று அறிய, முதலில் அதன் வயதைப் பார்.

வயது காதுக்கல்லின் அடுக்குகளில் இருக்கிறது. கல் அரிசிக் குருணை அளவுதான். பிசினில் பதித்து, நீர்விட்டு, மெல்லத் தேய். இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் வைத்துப் பார். அவசரப்பட்டால் நடுப்புள்ளி போய்விடும். விலாங்கின் கடல்வாழ்வு முழுவதும் அங்கேதான் பதிந்திருக்கிறது. கடலில் படிந்த அடுக்குகளில் ஸ்ட்ரான்சியம் மிகுதி. நன்னீருக்கு வந்தபின் படிந்தவற்றில் குறைவு.

பரிசல்காரர்களிடம் உட்கார்ந்து பேசு. கட்லாவும் ரோகுவும் எடை போடப்படும். ஒற்றை விலாங்கை ‘இதர மீன்’ என்று எழுதிவிட்டுப் போகாதே. பெரியவர்களிடம் கடைசியாக எந்த மழைக்குப் பிறகு பிடித்தார்கள் என்று கேள். அகப்படாத நாளையும் தேதியோடு குறித்துவை. ஜப்பானிய விலாங்கின் முட்டை கடலில் முதன்முதலாகக் கிடைத்ததே 2009-இல்தான். வெறும் வலையாக ஏறிய ஆண்டுகளின் குறிப்புகள்தான் தேடும் இடத்தைச் சுருக்கித் தந்தன.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் வெளியேறியது. அணைக்குள் விலாங்குகள் இருந்திருந்தால், அந்த வெள்ளத்தோடு எத்தனை இறங்கினவோ! அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அணைக்குக் கீழே ஓரிடம், திருக்கோவிலூர் அணைக்கட்டில் ஓரிடம், கடலூர் முகத்துவாரத்தில் ஓரிடம் என்று பிடித்துவை. மூன்றிலும் ஒரே வாரத்தில், இரவில் பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எழுது, வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்