நன்கொடை கொடுக்கும் முன் கணக்கைப் படிங்க!

ஒரு தொண்டு நிறுவனத்தோட ஆண்டறிக்கையை எப்படிப் படிக்கறது? உதாரணத்துக்கு, 1950-ல் பிரிட்டனில் தொடங்கிய சைட்சேவர்ஸை எடுத்துக்குவோம். பார்வை இழப்பைத் தடுப்பதும் மாற்றுத்திறனாளிகள் உரிமையும்தான் இவங்க வேலை.

முக்கிய வரவு மூணு வகை:

1. மக்கள் நன்கொடை: வரி கட்டுற பிரிட்டன்காரர் 1 பவுண்டு கொடுத்தா, 'கிஃப்ட் எய்ட்' மூலமா அரசு 25 பென்ஸ் சேர்க்கும்.

2. மானியம்: அரசுகளும் அறக்கட்டளைகளும் தர்றது. பெரும்பாலும் சொன்ன திட்டத்துக்கு மட்டும்தான் செலவழிக்க முடியும். 2021-ல் பிரிட்டன் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கியது. இந்த வரவு நிரந்தரமில்லை.

3. இலவச மருந்து: ஆற்றோர ஈக்கள் பரப்புற, பார்வையைப் பறிக்கும் நோய்க்கு மெக்டிசான் மாத்திரையை இலவசமா தர்றதா 1987-ல் மெர்க் அறிவித்தது.

இங்கதான் கவனிக்கணும். மருந்தோட மதிப்பு வரவிலும் ஏறும், செலவிலும் ஏறும். அதனால 'நூற்றுக்கு இவ்வளவு சேவைக்கே போகுது'ங்கற விகிதம் அழகாத் தெரியும். மருந்தைக் கழிச்சுட்டு, பணத்தை மட்டும் வச்சுக் கணக்குப் போடுங்க. நிதி திரட்டும் செலவோட விகிதம் கூடும். அதுக்காக ஏமாத்துறாங்கன்னு அர்த்தமில்லை.

மாத்திரை இலவசம்தான். அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோற வண்டி, ஆள், பயிற்சி இலவசமில்லை. உங்க பணம் போகவேண்டிய இடம் அதுதான்.