ஜன்னலைத் திறந்தால் ஜன்னி வருமா?



பிரசவம் முடிந்து தாயும் சேயும் வார்டுக்கு வந்ததும், கூட வந்த பெரியவர்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? ஜன்னலைச் சாத்துவதுதான். "பச்சை உடம்பு, காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்பார்கள். அவர்களுடைய அக்கறையில் குறையில்லை. ஆனால் அதுவே சில சமயம் ஆபத்தாகி விடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, ஒரு சுகாதார நிலையத்தின் பிரசவ வார்டுக்குப் போனேன். ஆறு கட்டில்கள். ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்கில் துணியும் செருகியிருந்தது. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த பாட்டி ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இருமல் ஆத்தா?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு சார், ஒரு மாசமா இருக்கு. சூட்டு இருமல்தான்."

மறுநாள் சளியைப் பரிசோதித்தோம். காசநோய்! அந்த மூடிய அறையின் காற்றைத்தான் ஆறு தாய்மார்களும் ஆறு குழந்தைகளும் இரவு முழுவதும் சுவாசித்திருந்தார்கள். பாட்டி ஆறு மாதம் தவறாமல் மருந்து சாப்பிட்டுக் குணமானார். பேரப்பிள்ளைக்கு நோய் வராமல் காக்கும் மருந்தை டாக்டர் கொடுத்தார். மற்ற ஐந்து வீடுகளுக்கும் சுகாதார ஊழியர்கள் போய் விசாரித்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் நோய் வரவில்லை.

காற்றில் என்ன இருக்கிறது?

காசநோய் உள்ளவர் இருமும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. மூடிய அறையில் இவை மணிக்கணக்கில் மிதக்கும். தட்டம்மை, கொரோனா கிருமிகளும் இப்படிக் காற்றில் பரவக்கூடியவைதான். ஜன்னலைத் திறந்தால் இந்தக் காற்று வெளியேறி, புதுக்காற்று உள்ளே வரும்.

பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆய்வை 2007-இல் வெளியிட்டார்கள். ஜன்னலும் கதவும் திறந்திருந்தபோது அறைக்காற்று மணிக்குச் சுமார் 28 தடவை மாறியது. இயந்திரத்தால் காற்று மாற்றும் அறைகளுக்கு வைத்த கணக்கோ 12 தடவைதான். பெரிய ஜன்னலும் உயரமான கூரையும் கொண்ட பழைய வார்டுகளில் சுமார் 40 தடவை மாறியது. காசு செலவில்லாத மருந்து இது!

அப்படியானால் ஜன்னி?

பிரசவ ஜன்னி காற்றினால் வருவதில்லை. அசுத்தமான கை, துணி, கருவி மூலம் கிருமி உடம்புக்குள் போவதால் வருகிறது. ஆனால் பச்சைப்பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்பது உண்மை. குளிர் வேறு, காற்றோட்டம் வேறு. பிள்ளையைக் கதகதப்பாக வையுங்கள், அறையைத் திறந்து வையுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. எதிரெதிரே உள்ள ஜன்னல்களைத் திறவுங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால் கதவையும் திறந்து வையுங்கள். மழையென்றால் சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

2. நேராகக் காற்று அடிக்கும் இடத்தில் பிள்ளையைக் கிடத்த வேண்டாம். தாயின் மார்போடு அணைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, போர்த்தி வையுங்கள். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம்.

3. மூடிய அறையில் மின்விசிறி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும். வீடுகளில் மாட்டும் ஏ.சி.யும் பெரும்பாலும் அப்படித்தான்.

4. துணைக்கு ஒருவர் போதும். இருமல் உள்ளவர் தாய்-சேய் அறைக்கு வர வேண்டாம்.

5. கொசுவுக்கு வலை கட்டுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, பீடிப் புகை எதுவும் பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது.

6. வீட்டுக்கு வந்த பிறகும் இதே முறைதான். விறகடுப்பு எரியும் இடத்தில் பிள்ளையைக் கிடத்தாதீர்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு சொல்: பிள்ளை பெற்ற பெண் மாமியாரிடம் "அத்தை, ஜன்னலைத் திறங்க" என்று சொல்லத் தயங்குவாள். உங்கள் அம்மாவிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். புது வீடு கட்டினால் படுக்கை அறைக்கு எதிரெதிராக இரண்டு ஜன்னல் வைக்க மறவாதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய அறிகுறிகள்: பச்சைப்பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள். அரசு நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கினார்கள். 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது.

சளியைக் கொடுக்க வெட்கம் வேண்டாம். ஜன்னலைத் திறக்கப் பயம் வேண்டாம்.