தேயிலை மலை தரும் வியாபாரப் பாடம்



"தொழிலில் மனம் ஒட்டவில்லை" என்னும் பேச்சு இப்போது நம் கடைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியும் சொல்கிறார்; தேநீர் ஆற்றும் சிப்பந்தியும் சொல்கிறார்; வாப்பாவின் கடையை ஏற்க வேண்டிய பிள்ளையோ ஒன்றும் சொல்லாமலே வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். மனம் ஒட்டாத கடையில் பரக்கத் ஏது? ஆகவே, தொழிலில் ஈடுபாடு எவ்வாறு உண்டாகிறது என்பதை நாம் சற்று ஆராய்வோம். நாம் அன்றாடம் கையாளும் சரக்காகிய தேயிலையே இதற்கு நல்ல உதாரணம்.

பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலைக்கு, 1885-ம் ஆண்டில் அங்கே சென்ற நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் வழங்குகிறது. அம்மலையில் 1929-ல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். ஈயம், ரப்பர், நிலக்கரி ஆகிய தொழில்களில் பழகிய அவருக்குத் தேயிலை புதிது. எனவே, இலங்கைத் தேயிலையில் அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக் கொண்டார். உலகெங்கும் வியாபாரம் படுத்துவிட்ட காலம் அது. தேயிலைச் செடியோ நட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்தே ஒழுங்காகக் கொழுந்து தரும். 1933-ல் ரஸ்ஸல் காலமானார், தோட்டம் நின்றுவிடவில்லை. இன்று மலேசியாவில் அப்பெயரை அறியாத கடைக்காரர் இல்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக் கற்பதும், பலன் வரும்வரை பொறுத்திருப்பதும் ஈடுபாட்டின் முதற்படி என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இனி, தொழிற்சாலைக்குள் நடப்பதைக் கவனிப்போம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிப்பதே நல்ல பறிப்பு. முற்றிய இலை கலந்தால் தரம் குறையும். பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் வாடவிட்டு, உருட்டிக் கசக்கி, காற்றுப் படப் பரப்பிப் பழுப்பேற விடுகிறார்கள். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். நேரம் குறைந்தால் பச்சை வாடை நீங்காது. மிஞ்சினால் சுவை மங்கிவிடும். நிறத்தையும் மணத்தையும் அறிந்து, உரிய தருணத்தில் உலர்த்த அனுப்ப வேண்டும். இந்தத் திறமை பிறவியில் வருவதன்று. நாள்தோறும் உற்றுக் கவனிப்பதால் வருவது. கவனிக்கக் கவனிக்க வேறுபாடு தெரிகிறது. வேறுபாடு தெரியத் தெரிய வேலையில் ருசி பிறக்கிறது. ருசி பிறந்த பின் வேலை செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு அது ஒரு நாளும் வாய்க்காது.

நம் கடைகளில் நிலைமை என்ன? தேயிலை பக்கத்திலுள்ள வாடையை எளிதில் இழுத்துக் கொள்ளும் பொருள். அதைக் கருவாட்டுக்கும் சோப்புக்கும் அருகில் திறந்து வைத்துவிட்டு, வாடிக்கைக்காரர் குறை சொன்னால் மொத்த வியாபாரியை நோகிறோமே, இது நியாயமா? வாரத்திற்கு ஒரு நாளாவது இரண்டு ரகத் தூளை ஒரே அளவில் எடுத்து, ஒரே அளவு நீரில் வடித்து, நாமே குடித்துப் பார்க்கலாம். அவ்வேளையில் பிள்ளையையும் சிப்பந்தியையும் உடன் வைத்துக்கொண்டு அவர்கள் அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டும். பிள்ளையை எடுத்த எடுப்பில் கல்லாவில் உட்கார வைத்தால் அவருக்குப் பணம் மட்டுமே தெரியும். சரக்கோடு பழகவிட்டால் தொழில் தெரியும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மலைச் சரிவுகளில் பனியிலும் மழையிலும் உழைத்தவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளர் பலர். வயிற்றுப் பாட்டுக்காகப் பறித்த கூடைக்கு, 'தொழிற் பற்று' என்று நாம் பெயர் சூட்டிவிடலாகாது. கூலியைக் குறைத்துவிட்டு ஈடுபாட்டை எதிர்பார்ப்பது அநீதி. நம் சிப்பந்திகளுக்கும் இது பொருந்தும். நேரத்தில் சம்பளம், ஓய்வுக்கு விடுமுறை, கற்றுக்கொள்ள வாய்ப்பு இம்மூன்றையும் கொடுத்த பின்னரே "ஏன் மனம் வைக்கவில்லை?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தேயிலைச் செடியைக் கவனியாமல் விட்டால் மரமாக உயர்ந்துவிடும். கைக்கு எட்டாது, கொழுந்தும் குறையும். அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்கிறார்கள். வெட்டிய செடி மொட்டையாய் நிற்கும். பின்னர் புதிதாய்த் துளிர்க்கும். நமது பழக்கங்களிலும் வெட்ட வேண்டியவை உண்டு. கணக்கைத் தள்ளிப்போடுவதும், சரக்கைப் பாராமல் வாங்குவதும், வேலையாளைப் பேர் சொல்லி அழைக்காமல் அதட்டுவதும் அவற்றுட் சில. இவற்றுள் ஒன்றை இம்மாதமே வெட்டத் தொடங்குவோமாக!